வலது கைக்குச் செய்த பிஸ்டல்

அரியலூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் கலையரசனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை இலக்கியா மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க சிறுவாச்சூர்க் காளியை வேண்டிக்கொள்கிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனிமேல் இந்தக் கடிதம் முழுக்க உன்னைத் திட்டத்தான், உட்கார்ந்து படி. போனில் நான் இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசினால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கையால் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீ பார்த்துவிட்டாயா என்று எனக்குத் தெரிந்துவிடும், பார்க்கவில்லை என்று கதை சொல்லாதே.

நீ வாங்கி அனுப்பிய பிஸ்டல் வந்து இன்றோடு ஆறு நாள். உன் அப்பா பெட்டியைத் தெருவில் எல்லாருக்கும் திறந்து காட்டினார், ஜெர்மனியில் செய்தது, தங்கச்சிக்கு என் மகன் வாங்கியது என்று சிமெண்ட் லாரிக்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. நானும் முதலில் பூரித்துத்தான் போனேன். இலக்கியா அதைக் கையில் எடுத்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. அந்த மரப் பிடி முழுக்க வலது கைக்காரர்களுக்குக் கடைந்தது. பெருவிரல் படிய வேண்டிய பள்ளம் ஒரு பக்கம், உள்ளங்கையைத் தாங்குகிற மேடு இன்னொரு பக்கம். இடது கையில் எடுத்தால் அந்தப் பிடியே கையை வெளியே தள்ளுகிறது. அவள் இடது கையால் சுடுகிறவள் என்று உனக்குத் தெரியாதா? கவனிக்காமல் வாங்கிவிட்டான் பிள்ளை என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உன் அத்தை ஜெயசித்ரா தானாகவே வாயை விட்டாள். திருச்சிப் போட்டியில் இலக்கியா மெடல் வாங்கியபோது பேப்பரில் வந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "புள்ள நொட்டாங்கையத் தூக்கிக்கிட்டு நிக்கிது, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவுங்க என்ன நெனைப்பாங்க" என்று உனக்குப் போன் போட்டாளாம். நீயும், "விடுங்கத்த, சோத்தாங்கைக்கே வாங்கிக் குடுத்துடுறேன், தானா மாறிக்குவா" என்றாயாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தே செய்திருக்கிறாய் நீ.

பிஸ்டல் என்றால் விலை கூடினதை வாங்கி அனுப்பினால் போதும் என்று நினைத்தாயா? போன மாதம் கோச் அருள்முருகனோடு நானும் இலக்கியாவும் சென்னைக் கடைக்குப் போய் ஒரு பகல் முழுக்க நின்றோம். இப்போது அவள் பெரம்பலூரில் சுடுகிறது கிளப் பிஸ்டல், பிடி எந்தக் கைக்கும் பொருந்தும், ஆனால் நாலு பேர் மாற்றி மாற்றிச் சுட்டு அதில் காற்று கசிகிறது, கடைசிப் பத்துக் குண்டும் கீழே இறங்கிவிடும். அதற்காகத்தான் சொந்தமாக ஒன்று. ஸ்பிரிங் வைத்த மலிவுப் பிஸ்டல் சுடும்போதே துள்ளியது, அதை வேண்டாம் என்று வைத்துவிட்டோம். காற்றுச் சிலிண்டர் வைத்ததில் நடு விலையில் ஒன்று, அதைப் போல இரண்டு பங்கு விலையில் ஒன்று, இரண்டையும் மேசையில் இறுக்கி வைத்து ஐந்தைந்து குண்டு சுட்டுக் காட்டினார்கள். இரண்டு அட்டையிலும் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில்தான் போயிருந்தன, என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. "பத்து மீட்டருக்கு இதுவே போதுங்கம்மா, மிச்சமெல்லாம் புடிக்கிற கையிலதான் இருக்கு" என்றார் கோச். பிறகு இலக்கியாவைக் கண்ணை மூடிக் கையை நீட்டச் சொல்லிப் பிறகு திறக்கச் சொன்னார். திறந்ததும் பிஸ்டல் மேலிருக்கிற முன் குறியும் பின் குறியும் ஒரே மட்டத்தில் நின்றால் அதுதான் அவளுடைய பிஸ்டலாம். அந்த நடு விலைப் பிஸ்டலில், இடது கைப் பிடி போட்டதில், மூன்று தடவையும் அப்படியே நின்றது. விசையும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விட்டுக்கொடுத்தது. அதன் பெயரைக் காகிதத்தில் எழுதி உனக்கு அனுப்பினோம், இடது கை என்று கீழே கோடு போட்டு அனுப்பினோம். நீ பணம் கட்டுகிறேன் என்றாய், சரி என்று விட்டோம். கடைசியில் அதே கடையில் சொல்லி நீ அனுப்பியது அந்த இரண்டு பங்கு விலைப் பிஸ்டலை, அதுவும் அவள் கைக்கு ஆகாததை. உன் பணம், உன் பெருமை, உன் அத்தையின் வாய், இதில் இலக்கியா எங்கே இருக்கிறாள்?

அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? "அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்ததும்மா, நான் மாறிக்கிறேன்" என்று வலது கையால் சுட ஆரம்பித்துவிட்டாள். திருச்சியில் அறுநூறுக்கு 561 எடுத்தவள் நேற்று 488. அடுத்த மாதம் மதுரையில் மாநிலப் போட்டி, 550-க்குக் குறைந்தால் மேலே போக முடியாது, ஜூனியரில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம். நேற்று நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கிற கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டுதான் சுடுவார்கள். அவள் இடது கையைப் பாக்கெட்டுக்குள் இறுக்கி முஷ்டி பிடித்துக்கொண்டு நின்றாள். குண்டு போய் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கோச் அவளிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார்.

உன் அப்பாவிடம் கேட்டால், "அண்ணனும் தங்கச்சியும் பேசிக்குவாங்க, நீ எதுக்குக் குறுக்க பேசுற" என்கிறார். மெஷின் வருவதற்கு முன்னால் நம் வயலில் அறுப்புக்கு வந்த இருசம்மாள் நொட்டாங்கைக்காரி. வலது கை அரிவாளின் பல் அவளுக்கு அறுக்காது என்று உடையார்பாளையம் பட்டறைக்குப் போய்ப் பல்லை மாற்றி வெட்டித் தனியாக ஒரு அரிவாள் அடித்து வாங்கி வந்தது இதே மனிதர்தான். கூலிக்கு வந்தவளுக்குச் செய்தீர்களே, பெற்ற மகளுக்கு ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

பிடியை மட்டும் மாற்றலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். இந்தப் பிஸ்டலுக்கு இடது கைப் பிடி வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதமாம். ஆனால் கைக்கு வந்த பத்து நாளுக்குள் சுட்டுப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம், நாங்கள் பார்த்த அந்தப் பிஸ்டல் இன்னும் கடையில் இருக்கிறதாம். பில் உன் பெயரில் இருக்கிறது, நீ மெயில் போட்டால்தான் மாற்றுவார்கள். சனிக்கிழமையோடு பத்து நாள் முடிகிறது. உன் அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கையைப் பார்த்துப் பெண் எடுக்கிற வீட்டுக்கு என் மகள் போக வேண்டியதில்லை.

இவ்வளவு திட்டினாலும் எனக்கு ஆறவில்லை கலை, ஏனென்றால் இந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான். அவளுக்கு ஐந்து வயதில் இடது கையால் சோற்றை அள்ளினாள் என்று தோசைக் கரண்டியால் அந்தக் கையில் அடித்தவள் நான். ஒரு நாள் இல்லை, பல நாள் அடித்தேன். அப்போது உனக்கு ஒன்பது வயது, என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாய், "பாப்பாவ அடிச்சா நானும் சாப்புட மாட்டேன்" என்று அழுதாய். அதற்குப் பிறகு நான் அவளை அடிக்கவே இல்லை. சாப்பாட்டை மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள், மற்றதெல்லாம் இடதாகவே நின்றது. நின்றது உன்னால்தான். இன்றைக்கு நான் கரண்டியால் செய்ததை நீ அவ்வளவு விலை கொடுத்துச் செய்திருக்கிறாய், உனக்கு எதிராகக் கரண்டியைப் பிடுங்க அவளுக்கு வேறு அண்ணன் இல்லை.

எல்லா நலமும் பெற்று நீண்ட ஆயுசோடு இரு. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. சனிக்கிழமைக்கு முன்னால் மெயில் போடு, அதற்கும் முன்னால் அவளுக்குப் போன் செய்து, இடது கையாலேயே சுடு என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டாள். அந்தக் கையை அடித்ததற்கு இன்று வரைக்கும் நான் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை, ஒரே வீட்டில் இருந்தும் வாய் வரவில்லை. நீ முதலில் பேசு, உனக்குப் பின்னால் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா,
கொ. மலர்கொடி