நாக்கைச் சுருட்டத் தெரிந்த மகள்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். போன கடிதத்துக்கு நீங்கள் போட்ட பதில் நாலே வரி. உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படி எழுதினால் மார்க் போடுவீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். வாலுவுக்குக் கல்யாணம். நம் வாலுவுக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. பையன் அவளோடு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான். வந்த அன்றைக்கே சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். எனக்கு அது போதும். மே 12, பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. மொத்தமே பதினைந்து பேர்.

நீங்கள் வர வேண்டும். மாற்றல் வந்திருக்கிறது, மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், பத்தொன்பது வருஷமாகிறது. ஏன் என்று நான் கேட்டதேயில்லை. கேட்டால் இந்த நாலு வரியும் நின்றுவிடுமோ என்ற பயம். இப்போதும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

"அப்பா வருவாரான்னு கேட்டு எழுதும்மா. ஆனா கெஞ்சாதே" என்றாள். நான் கெஞ்சத்தான் செய்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

நூலகத்தில் எப்போதும்போல வேலை. கிழிந்த புத்தகமெல்லாம் என் மேஜைக்குத்தான் வருகிறது. விரலெல்லாம் ஊசிக் குத்து, பசை.

வாலுவின் அம்மா

மார்ச் 19

அன்புள்ள உனக்கு,

அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை. வேறெப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. இது ஐந்தாவது முறையாக எழுதுகிறேன்.

நீ கேட்காமல் விட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

போன மாதம் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம். நடத்தியது வாலு வயதுப் பெண். மரபியல் பாடம் வந்ததும், "எல்லாரும் நாக்கைக் குழல் மாதிரி சுருட்டுங்க பாக்கலாம்" என்றாள். நாற்பது ஆசிரியர்களும் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு வராது. உனக்கும் வராது என்பது எனக்குத் தெரியும்.

பிறகு அவள் சொன்னாள்: "இத இனிமே உதாரணமா நடத்தாதீங்க. அப்பா அம்மாவுக்கு வரலேன்னா பிள்ளைக்கு வராதுன்னு சொல்றது தப்பு. ஒரே கருவுல பிறந்த இரட்டையர்லயே ஒருத்தருக்கு வரும், இன்னொருத்தருக்கு வராது. பழகினா சில பேருக்கு வந்துடும். இது தெரிஞ்சு பல வருஷமாச்சு." எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர், "நம்ம பொழப்பே நாக்குலதான் ஓடுது" என்றார். நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன்.

வாலுவுக்கு அப்போது ஆறு வயது. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பின்னால் ஓடிவந்து, "அப்பா, இங்க பாரு" என்று கண்ணாடியில் நாக்கை நீட்டிச் சுருட்டிக் காட்டினாள். பதினோரு வருஷமாகக் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு நான் நடத்திய பாடம். இருவருக்கும் இல்லாதது பிள்ளைக்கு வராது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். என் சாயல் எங்கே என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தவன்தான்.

மாடியில் குடியிருந்த ரேடியோ ரிப்பேர்க்காரர் நாக்கைச் சுருட்டி விசில் அடிப்பார், ஞாபகம் இருக்கிறதா? இதற்கு மேல் எழுதக் கூசுகிறது. நீ புரிந்துகொள்வாய்.

மாற்றல் தானாக வரவில்லை. நான் எழுதிக் கேட்டு வாங்கினேன்.

ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்று பரிணாமப் பாடத்தின் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்கிறவன் நான். கோழையாக இருந்தேன் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவேன்? நீ வா என்றால் வருகிறேன்.

இப்படிக்கு,
வாத்தியார்

ஏப்ரல் 6

வாத்தியாருக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

நீங்கள் என்னை விட்டுப் போனதற்கு நான் எத்தனையோ காரணம் வைத்திருந்தேன். என் மேல் எப்போதும் அடிக்கிற பசை வாடை பிடிக்கவில்லையோ என்று அந்த வேலையையே விடப் பார்த்தேன். படித்தவருக்கு என் பேச்சு அலுத்துவிட்டதோ என்று நினைத்தேன். அங்கே வேறு யாரோ இருக்கிறாள் என்றுகூட நினைத்து, சரி, நன்றாக இருக்கட்டும் என்று விட்டேன். இது ஒன்று மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை. சொல்லி உங்கள் மனபாரத்தை இறக்கி வைத்துவிட்டீர்கள். அந்த அவமானம் எனக்கு இந்த ஏப்ரல் மாதத்தில்தான் ஆரம்பிக்கிறது.

வாலுவுக்கு நாக்கைச் சுருட்டுவது பிறவியில் வந்ததில்லை. ரேடியோக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து பழகினாள். அவர் மனைவியும் இருந்தார், நானும் இருந்தேன். எனக்கு எச்சில் ஒழுகியதுதான் மிச்சம். கடைசி நாள் வந்துவிட்டது என்று குதித்து, முதலில் உங்களிடம்தான் காட்ட ஓடிவந்தாள். "ஏய், இதை எங்கே கத்துக்கிட்டே" என்று கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போன மறுநாள், "நான் நாக்கு காட்டினதாலதான் அப்பா போயிட்டாரு" என்று அழுதாள். "பைத்தியம் மாதிரி பேசாதே" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. சிரித்தாலும் கையால் வாயை மூடிக்கொள்வாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். மறைத்து வைக்க இனி என்னால் ஆகாது. சமையலறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். அடுப்பை அணைத்தாள். "அப்பவே சொன்னேன்லம்மா. நீதான் அடிச்சே" என்றாள். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு. ஆறு வயதில் அவள் சொன்னதுதான் சரி. எனக்குத்தான் அது புரியவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பும்போது சொன்னாள்: "வர வேண்டாம்னு எழுதும்மா. கோவத்துல சொல்லல. அன்னிக்கு எல்லாரும் என் முகத்தைப் பாப்பாங்க. அவரும் பாப்பாரு. எதைத் தேடுறாருன்னு எனக்கு இப்பத் தெரியும்."

எனவே வர வேண்டாம். படிவத்தில் அப்பா பெயர் எழுதும் இடத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள். அதை நான் சொல்லி அவள் செய்யவில்லை.

இனி எனக்கு எழுதாதீர்கள். அவள் எப்போதாவது எழுதினால் பதில் போடுங்கள். நாலு வரியில் அல்ல.

வாலுவின் அம்மா

ஜூலை 21

அன்புள்ள உனக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றைத் தவிர இனி எழுதமாட்டேன். பிரிக்காமல் போட்டுவிட்டாலும் சரி.

மே 12 அன்று எங்கேயும் போகவில்லை. பள்ளி விடுமுறை. காவலாளியிடம் சாவி வாங்கி, ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளை எல்லாம் எடுத்துக் கழுவினேன். பதினொரு மணிக்குக் கையெழுத்து முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் கழுவினேன்.

நேற்று பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம். நாக்குப் படம் இருக்கும் பக்கத்தை எடுத்து, குறுக்கே கோடு போடச் சொன்னேன். முப்பது வருஷமாகத் தப்பாக நடத்தியிருக்கிறேன் என்றேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வாத்தியாரே தப்பு என்கிறாரே. முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "பரவால்ல சார். தப்பா நடத்தினதால யாருக்கு என்ன ஆயிடப் போகுது, ஒரு மார்க்தானே" என்றாள். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"என் பொண்ணுக்கு ஆச்சும்மா" என்றேன்.

அவள் மெல்ல உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், அடுத்த பாடத்தைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

இந்த ஊரில் எனக்குப் பிள்ளைகள் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கேட்டவர்களிடம் அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தேன். என் பெண் என்று ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னது நேற்றுதான். அவளிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

வாத்தியார்