ஆன்டெனா அடியில் சிவப்புப் பெயின்ட்

இன்று காலை உப்பு ஏரிக்கரையில் யாரோ படகுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் மேல் முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான்.

படகுக்கு அடித்து மிச்சமான பெயின்ட்டை நம் ஊரில் யாரும் கொட்டுவதில்லை. உப்புக்காற்றுக்குப் பயந்து, கண்ணில் படுகிற இரும்புக்கெல்லாம் பூசிவிடுவார்கள். நீ அதிலும் ஒரு படி மேல். ஜன்னல் கம்பி, குழாய், என் தையல் மிஷினின் கால், எதையும் விட்டதில்லை. கட்டிய புருஷன் என்றுகூடப் பார்க்காமல் எத்தனை திட்டியிருக்கிறேன்! ஒருநாள், மார்க்கெட்டுக்கு நண்டு ஏற்றிப்போகும் நம் பழைய வேனையும் பிரித்துப் போட்டு, நட்டு போல்ட்டு வரைக்கும் பூசினாய்.

"இனிமே உப்பு இன்னா, உப்போட அப்பன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாய்.

அதற்குப் பிறகுதான் ரேடியோ கத்த ஆரம்பித்தது.

என்ஜினை நிறுத்தினால் பாட்டு. கிளப்பினால் 'ங்ஙொய்' என்று இரைச்சல். நீ ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். "டைனமோ கத்துதுடி" என்று டைனமோவை மாற்றினாய். பிறகு ரேடியோவையே மாற்றினாய். சத்தம் அசையவில்லை. தோணிரேவிலிருந்து மார்க்கெட் வரைக்கும் காலடியில் நண்டுக் கூடை, காதுக்குள் அந்த இரைச்சல். என் பக்கத்துக் கதவோ துருப்பிடித்து, உள்ளேயிருந்து திறக்காது. நீ சுற்றி வந்து திறந்தால்தான் எனக்கு விடுதலை.

பாட்டு கேட்பதற்காகவே காட்டூர் தாண்டி ஓரங்கட்டி, என்ஜினை அணைப்பாய்.

"நண்டு செத்துரும்யா. எடுய்யா வண்டிய."

"இன்னாடி அவசரம்? இந்தப் பாட்டு முடியட்டும்."

கோபித்துக்கொண்டு இறங்கிப் போகவும் வழியில்லை. நீ ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருப்பாய். நான் உட்கார்ந்திருப்பேன்.

நீ கண்ணை மூடிய பிறகு வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே உன் சட்டை, வெளியே உன் வண்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மூச்சு முட்டியது. விற்றுத் தலைமுழுகலாம் என்றால், ஆரம்பாக்கத்திலிருந்து வந்த ஆள் என்ஜினைக் கிளப்பி, ரேடியோவைக் கேட்டுவிட்டு, "ஒயரிங்கே போயிருக்கும்மா, நமக்கு வோணாம்" என்று போய்விட்டார்.

எனக்கு வெறி வந்துவிட்டது. வலையில் ஓட்டை தேடுவதுபோல ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். என்ஜின் ஓடும்போதே ரேடியோவின் பின்னால் சொருகியிருந்த ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றது. சொருகினேன், வந்தது. டைனமோவிலிருந்து கரன்ட் ஒயர் வழியாக வந்திருந்தால் பிடுங்கிய பிறகும் கத்தியிருக்க வேண்டுமே! வெளியே போய் ஆன்டெனாவின் அடி நட்டைக் கழற்றினேன். வண்டித் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில், தடியாக உன் சிவப்புப் பெயின்ட். இரும்போடு இரும்பு சேர வழியில்லாமல், என்ஜின் இரைச்சலையெல்லாம் ஆன்டெனா வாரி ரேடியோவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

செதில் சீவும் கத்தியால் சுரண்டி, பளபளவென்று ஆன பிறகு முறுக்கினேன். என்ஜினும் ஓடியது, பாட்டும் ஓடியது. பழக்கத்தில் என் சீட்டில் ஏறி, கதவையும் சாத்திக்கொண்டு உன் சீட்டைப் பார்த்தேன்.

"இன்னாய்யா, டைனமோவா?"

சிரிப்புத்தான் வந்தது. அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை அழுதேன். பிறகு உன் சீட்டைத் தாண்டி, உன் பக்கத்துக் கதவு வழியாக இறங்கினேன்.

அதே ஆரம்பாக்கத்து ஆள் வந்து வண்டியை எடுத்துப் போனார். வாசல் இப்போது காலி, ஏரி வரைக்கும் தெரிகிறது. நண்டுக் கூடையோடு ஷேர் ஆட்டோவில் போகிறேன். மார்க்கெட் வந்ததும் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள்.

"இன்னாக்கா, எறங்கலியா?" என்று டிரைவர் திரும்பிப் பார்க்கிறார்.

ஷேர் ஆட்டோவுக்குக் கதவே கிடையாது. ஆனாலும் நீ சுற்றி வருவாய் என்று உட்கார்ந்திருக்கிறேன்.