மயில் துணியில் ஒரு பயணப் பை

டிச. 27, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. பத்து மணிக்குத் தபால். பினாங்கில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது! ஞாயிறு காலை ரயில் ஏறினால்தான் சரியாக இருக்கும்.

அப்பா பத்திரிகையிலிருந்து தலை நிமிராமல், "அம்மா சரின்னா டிக்கெட் எடுக்கறேன்."

அம்மா சரி சொல்லவில்லை. தை பிறந்ததும் என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். "மார்கழியில எவளாவது பொண்ண ஊரை விட்டு அனுப்புவாளா?" மார்கழியிலும் ரயில் ஓடுகிறது என்றேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் இறங்கி வரப்போவதில்லை.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு தகரப் பெட்டி. துரு, தாழ்ப்பாளும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு போனால் மானம் போகும். பை நானே தைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் தையலுக்குப் பரிசு வாங்கியவள்.

டிச. 28, செவ்வாய்
வேண்டியவை:
கெட்டித் துணி, இரண்டு கஜம்
உள்துணி (பழைய படுக்கை விரிப்பு போதும்)
ஜிப்
அடியில் வைக்க அட்டை
தடித்த ஊசி, நூல்

தேக்கா கடைத்தெருவில் கித்தான் விசாரித்தேன். கடைக்காரர்: "இது லாரிக்கு மூடறது லா. ஒனக்கு எதுக்கு தங்கச்சி?" எரிச்சல். ஜிப், ஊசி, நூல் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். செருப்பெல்லாம் சேறு.

அலமாரியில் அந்த மயில் துணி. நல்ல கனம், மஞ்சளில் நீல மயில்கள். பெண் பார்க்க வரும் அன்று கூடத்து ஜன்னலுக்குத் திரை தைக்க அம்மா வாங்கி வைத்தது. எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கோமளா அக்காவிடம் போனேன். தையல் மிஷின் அவரிடம்தான். (இனி கோ.)

கோ.: "அம்மாகிட்ட கேட்டியா?"

கேட்டேன் என்றேன். பொய்.

வெட்டியாயிற்று.

டிச. 29, புதன்
தூறல். காலையிலிருந்து கோ. வீட்டில். ஒரே நீளத் துணி, நடுவில் மடித்தால் அதுவே அடி. அடியில் தையலே இல்லை, எவ்வளவு கனம் வைத்தாலும் பிரியாது. என் யோசனை. கைப்பிடி வாரை அடிவரை சுற்றித் தைத்தேன், மேல் விளிம்போடு விட்டால் பிய்ந்து வந்துவிடும். ஊசி இரண்டு உடைந்தது. மதியம் கோ. கொடுத்த ரொட்டியும் கோப்பியும்.

ஐந்து மணிக்குப் பையை வெளிப்புறமாகத் திருப்பினேன். முன்பக்கம் மயில்கள் நிற்கின்றன. பின்பக்கம் அத்தனையும் தலைகீழ்.

மடித்தால் மறுபக்கம் கவிழும் என்று தோன்றவே இல்லை. பரிசு வாங்கிய மூளை! கோ. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். வீட்டுப் படியேறும்போது அழுகை வந்தது. வேறு துணி இல்லை, நாளும் இல்லை. இருக்கட்டும். பை பைதான்.

டிச. 30, வியாழன்
அம்மா அலமாரியைத் திறந்தாள். "எந்துணி எங்கடி?" மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

பையைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். புரட்டிப் பார்த்தாள். கத்துவாள் என்று நின்றேன். கத்தவில்லை, சமையலறைக்குப் போய்விட்டாள். கத்தியிருக்கலாம்.

பின்னாலேயே போனேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

சாயங்காலம் கூடத்தில் அவர்கள் பேசியது காதில் விழுந்தது. அப்பா: "போகட்டுமே, படிக்கத்தானே போறா." அம்மா: "போறது கிடக்கட்டும். ஒரு வார்த்தை சொல்லாம எடுத்துட்டா பாருங்க."

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

டிச. 31, வெள்ளி
வெயில். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். துணிக்கு மட்டும், போவதற்கு இல்லை. "பயமாத்தாம்மா இருக்கு. ஆனா போகணும்." பயம் என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அம்மா பையை இழுத்து வைத்துக்கொண்டாள். அரிசி டின்னைத் திறந்து, படி படியாகப் பைக்குள் கொட்டினாள். முக்கால் பை. இரண்டு கையாலும் தூக்கிக் கூடத்தை மூன்று சுற்று சுற்றினாள். மூச்சு வாங்கியது, ஆனால் இறக்கவில்லை. ஒரு தையலும் விடவில்லை.

"தையல் நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "ஏங்க, டிக்கெட் எடுக்கப் போகலியா?"

இன்னும் பையை உதறினால் அரிசி விழுகிறது.

ஜன. 2, ஞாயிறு
ரயிலில். கையெழுத்து ஆடுகிறது. பையில்: சேலை ஆறு, புத்தகம், அம்மா திணித்த முறுக்கு டின். ஸ்டேஷனில் ஒரே கூட்டம். அம்மா என் கையிலிருந்து பையை வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். "கவுந்த மயிலு ஒம்பக்கம் இருக்கட்டும். நிக்கறத ஊரு பாக்கட்டும்."

அழக்கூடாது என்று பேச்சை மாற்றினேன். "தையில அவங்க வந்தா என்னம்மா சொல்லுவ?"

"ஜன்னலுக்குத் திரை இல்ல, அப்புறம் வாங்கன்னு சொல்றேன்."