அப்பாவின் காதும் வீடு நிறைந்த விருந்தாளிகளும்

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். எனக்கு மூட்டு மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, வாய் தேயவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் விடுமுறை வந்தால்தான் உங்கள் தங்கும் விடுதியில் கூட்டம் நெரியும், உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்று தெரியும், அதனால் நீ வரவில்லையே என்று குறை சொல்லமாட்டேன். ஆனால் போனில் சொல்லி முடியாத அளவுக்குச் சேதி சேர்ந்துவிட்டது. ஆரம்பித்தால் நீ பாதியில் அழுவாய், இல்லையென்றால் நான் பாதியில் சிரித்துவிடுவேன், அதனால்தான் கடிதம். அப்பா நன்றாக இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், பயப்படாமல் படி.

விடுமுறைக்கு உன் அத்தையும் மாமாவும், கூடவே அத்தை மகள் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். சின்னவளுக்கு மாமா வைத்திருக்கும் பெயர் ரேடியோ, ஏன் என்று வீட்டுக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. வீடு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது, ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் மிக்ஸி, நடுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சு. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை அப்பாவின் முட்டிவலியை நினைத்து ஆசையாக, "முட்டி இப்ப எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்டாள். உன் அப்பா சாவகாசமாக, "எனக்கு ரெண்டு முட்டை போதும்மா, நல்லா வெந்திருக்கணும்" என்றார். சாப்பாட்டு மேசையே குலுங்கியது, மாமாவுக்குப் புரை ஏறிவிட்டது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேனே தவிர அந்தத் தாமதத்தைக் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மனிதர் ஆளே மாறிப்போனார். தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ச் சாப்பிட்டார், அப்புறம் பசியில்லை என்று அதையும் விட்டுவிட்டார். விருந்தாளிகள் வந்ததில் சமையலும் சாப்பாடும் தாமதம், சாப்பிட்டபின் போடவேண்டிய பிரஷர் மாத்திரையும் தள்ளித் தள்ளிப் போயிற்று. அத்தை என்னை அடுப்படியில் மடக்கி, "அண்ணி, நாங்க வந்தது அண்ணனுக்குப் பிடிக்கலையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா, வயதானால் மனசு அப்படித்தான் சோர்ந்துபோகும், நல்ல டாக்டரிடம் காட்டுவோம் என்றார். எனக்கு வந்ததே கோபம். ஆசையாக வந்தவர்களிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா என்று அறைக்குள் போய்ப் பொரிந்து தள்ளினேன். அதற்கும் அவர் "சரி சரி" என்று தலையாட்டினார். ஊமைக் கோட்டான் என்றுகூடச் சொன்னேன், அதற்கும் "சரி" என்றார்.

அடுத்த நாள் காலையில் பால் வாங்க அப்பாவும் மாமாவும் தெருமுனைக் கடைக்குப் போனார்கள். கடைக்குச் சாமான் இறக்க வந்த வேன் ஒன்று பீப் பீப் என்று கத்திக்கொண்டு பின்னோக்கி வந்திருக்கிறது. அப்பா பாட்டுக்கு அதன் குறுக்கே நடந்திருக்கிறார். மாமா கத்தியிருக்கிறார், திரும்பவில்லை. ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்தான் தெறித்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். கடை பெஞ்சில் உட்கார்ந்து, "சத்தமே வரலையே மச்சான்" என்றாராம். மாமா வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "அவருக்கு வாங்கின காது மெஷின் எங்கே?" என்பதுதான்.

அது அலமாரியில், பனியனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. காதுக்குள் செருகியிருக்கிறார், வெளியே தெரியாத மாதிரி சின்னது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், என் புத்தியை என்ன சொல்ல. ஏன் போடவில்லை என்று எதிரே உட்கார்ந்து கேட்டதற்கு, "அதைப் போட்டா நீ பாத்திரம் தேய்க்கிறது என் மண்டைக்குள்ள தேய்க்கிற மாதிரி இருக்கு. எல்லாச் சத்தமும் மொத்தமா வந்து அடிக்குது, பேச்சு மட்டும் வரமாட்டேங்குது" என்றார். அச்சகத்தில் அந்தப் பெரிய மெஷினுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்த காது, அது என்ன பாடு பட்டிருக்கும்.

விடுமுறை என்பதால் போன் போட்ட இடமெல்லாம் மூடியிருந்தது. கடைசியில் காலை நேரம் மட்டும் திறந்திருந்த ஒரு காது பரிசோதனை நிலையம் கிடைத்தது. அங்கே இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். நாங்களெல்லாம் அப்பாவிடம் கத்திப் பேசுவோமே, அவள் கத்தவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள், அவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார், நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இரண்டு காதிலும் அழுக்கு கல்லாக அடைத்திருந்தது, மெஷினுடைய குழாயிலும் அப்படியே. எல்லாவற்றையும் சுத்தம் செய்தாள், கூட்டத்தில் கேட்க ஒரு விதம், அமைதியாக இருக்கும்போது கேட்க ஒரு விதம் என்று மெஷினைத் திருத்திக் கொடுத்தாள். அப்புறம், "எந்தக் குரல் கேக்கலைன்னு உங்களுக்கு ரொம்ப வருத்தம் ஐயா?" என்றாள். என் பெயரைச் சொல்வார் என்று நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் பொண்ணு குரல்தாம்மா. போன்ல அவ பேசுறது பாதி விழாது. என்ன என்னன்னு திருப்பிக் கேட்டா பயந்துருவா, வேலையை விட்டுட்டு ஓடி வந்துருவா. அதான் எடுத்ததும் இவகிட்ட குடுத்துருவேன்" என்றார்.

கண்ணே, அப்பாவுக்கு என்னோடு பேச இரண்டு நிமிஷம்கூட இல்லையா என்று நீ எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். அவர் சுபாவமே அப்படி என்று நானும் சப்பைக்கட்டு கட்டியிருக்கிறேன். அவர் சுபாவம் அது இல்லையடி. இந்த இடத்தில் கொஞ்சம் அழுதுவிட்டு மேலே படி, நானும் அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் சொன்னதையெல்லாம் அத்தை சட்டமாக்கிவிட்டாள். பேசும்போது டிவி கிடையாது, ஒருவர் முடித்தபின்தான் அடுத்தவர், பேசுகிறவர் அப்பா முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். அவருக்கு அலுப்பாக இருந்தால் அரைமணி அறைக்குள் போய் இருக்கலாம், அதை யாரும் கோபம் என்று சொல்லக்கூடாது. விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் அவர் சாப்பாடும் மாத்திரையும் அவர் நேரத்துக்கு. கரண்டியைத் தூக்கிக்கொண்டு போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நின்றாள். ரேடியோ இருக்கிறாளே, உன் அப்பா மடியில் ஏறி, அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அவள் வகுப்பில் யார் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவரும் நடுநடுவே சந்தேகம் கேட்டுக்கொண்டு கேட்டார். இரவுச் சாப்பாட்டில் அத்தை மறுபடி முட்டியைப் பற்றிக் கேட்டாள். "முட்டி பரவாயில்ல, அன்னைக்குக் கேட்ட முட்டைதான் இன்னும் வரல" என்றார் பார், மாமாவுக்கு மறுபடி புரை ஏறியது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். கிளம்பும்போது அத்தை, அடுத்த விடுமுறைக்கும் இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனாள், எனக்குத்தான் இடுப்பு என்ன ஆகுமோ.

ஒரே ஒரு கஷ்டம். இப்போது அடுப்படியில் நான் முணுமுணுப்பதெல்லாம் அவருக்குக் கேட்கிறது. நேற்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், கூடத்திலிருந்து "நான் ஒண்ணும் மரமண்டை இல்ல" என்று பதில் வருகிறது. இத்தனை வருஷமாக நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருந்தேன், அந்தச் சுகம் போயிற்று.

உங்கள் விடுதிக்கும் குடும்பத்தோடு பெரியவர்கள் வருவார்களே, யாராவது மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் சிடுமூஞ்சி என்று நினைத்துவிடாதே. பாட்டுச் சத்தத்தைக் குறைத்து, எதிரே போய் நின்று ஒரு வார்த்தை கேள். கூட்டம் கூட்டம் என்று நீ தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அப்பாதான் எடுப்பார். நீயும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் பேசாதீர்கள், நிதானமாகப் பேசு, என்னிடம் கொடுக்கச் சொல்லாதே, நான் காத்திருப்பேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், மனம் குளிர்ந்து, நிறைவாக வாழவேண்டும். எங்கள் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: மேசைக்கு அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பேனா கீறுகிற சத்தம் கேட்கிறது, அப்படி என்ன என்னைப் பற்றி எழுதுகிறாய் என்கிறார். உள்ளதைத்தான் என்றேன். "அப்ப நீளமா எழுது" என்கிறார்.