போனட்டில் வெந்த இடம்

8 ஆகஸ்ட் 1984, புதன்

தங்கத்துக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. பெற்று வளர்த்தவள், ஒரே வீட்டில் இருக்கிறேன், தெரியவில்லை. கேட்டால், "நீங்க பாத்து முடிச்சதுதானேம்மா" என்கிறாள். அது சம்மதமா, குற்றச்சாட்டா?

ஜேசுராஜ். வாடிப்பட்டியில் மருந்துக்கடைக் குடும்பம். நகையோடு எங்கள் பழைய பியட் காரையும் கொடுப்பதாக என் கணவர் பேசி முடித்துவிட்டார். இன்று மாப்பிள்ளை வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குனிந்து அடியிலும் பார்த்தான். மாட்டுத்தாவணியில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள்கூட இதைவிட நாசூக்காகப் பார்ப்பார்கள். வண்டி மங்கிவிட்டதாம். கையால் துடைத்தால் போதாதாம், மின்சார பாலிஷ் மெஷின் வாங்க வேண்டுமாம். காரோடு அதுவும் வாடிப்பட்டிக்குப் போகுமாம்.

"வாங்கிரலாம் மாப்ள" என்றார் இவர். யோசிக்கக்கூட இல்லை.

11 ஆகஸ்ட், சனி

சிம்மக்கல்லில் மெஷின் கடை. நானும் போனேன். போயிருக்க வேண்டாம்.

இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தான் கடைக்காரன். ஒன்று இரும்பு தேய்க்கிற மெஷின். முனையில் கம்பளி வட்டு மாட்டிக் கொடுப்பான். ஒரே வேகம், பேய் வேகம். மற்றது பெயின்டுக்கென்றே செய்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க சுவிட்ச் உண்டு. சத்தமும் குறைவு.

பிஸிக்ஸ் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவள் என்பதால் ஒரு வார்த்தை சொன்னேன். "விளிம்புலயும் மேட்டுலயும் பெயின்ட் மெலிசா இருக்கும். அந்த வேகத்துல சூடு தாங்காது. சுவிட்ச் உள்ளதையே எடுப்போம்."

மாப்பிள்ளை சிரித்தான். "அத்தை, இது காலேஜ் லேப் இல்ல."

கடைக்காரன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "வாங்கிக் குடுக்குறது மாமா, ஓட்டப்போறது மாப்ள. நடுவுல அம்மா எதுக்கு மண்டையக் குழப்பிக்கிறீங்க?" என்றான். மூன்று ஆண்களும் சிரித்தார்கள். இரும்பு மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது.

12 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் மனம் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு தங்கத்துக்கு முதல் கல்யாண ஓலை. சபை நடுவில் இருவர் பெயரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்டுவிட்டால், அப்புறம் பின்வாங்குவது பெண்ணுக்குத்தான் அசிங்கம் என்பார்கள்.

15 ஆகஸ்ட், புதன்

எழுதவே கை கூசுகிறது.

விடுமுறை என்று மாப்பிள்ளை காலையிலேயே வந்துவிட்டான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவனே மெஷினைப் பிடித்தான். வாசல் முழுக்க வெள்ளைப் பசை தெறித்தது, காயப்போட்டிருந்த துணியிலும். போனட்டின் நடு மேட்டில் வைத்து அழுத்தினான். அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றான். முதலில் நாற்றம், பிறகு லேசான புகை. தங்கம் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

அந்த இடத்தில் காரின் நீலம் போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் நிறத்தில் அடிப்பூச்சு, நடுவே தகரம்.

"யாரக் கேட்டுப் புடுங்குன?" என்றான். நிச்சயமான பெண்ணிடம்.

தங்கம் பிளக்கைக் கீழே போடவில்லை. "கார் இன்னும் எங்கப்பா பேருலதான் இருக்கு" என்றாள்.

"அது எம்புட்டு நாளைக்கு?" என்று சிரித்தான். பிறகு இவர் பக்கம் திரும்பி, "மட்டமான பெயின்ட் மாமா. கல்யாணத்துக்கு முன்ன முழுசா புதுசு அடிச்சுக் குடுத்துருங்க" என்றான். கெடுத்தவன் அவன். ஒரு 'அடடா' கூட இல்லை.

"செஞ்சிரலாம் மாப்ள" என்று இவரும் சிரித்தார். ஞாயிறுதோறும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அந்தக் காருக்கு மெழுகு போட்டவர். அவனை வெறுப்பது எளிதாக இருக்கிறது. இந்தச் சிரிப்பைத்தான் விழுங்க முடியவில்லை. இவர் முகத்துலயே முழிக்கப் பிடிக்கல.

16 ஆகஸ்ட், வியாழன்

இவருக்குச் சோறு மட்டும் போட்டேன்.

18 ஆகஸ்ட், சனி

பிற்பகல் இவர் போனட்டுக்கு முன்னால் நின்று, நீலத்துக்கு எந்த நீலம் சேரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் பக்கத்தில் போய் நின்றாள். நான் ஜன்னலுக்கு உள்ளே.

"அப்பா, பெயின்ட் அடிக்க வேணாம்."

"ஏம்மா?"

"கார் போகாது. நானும் போகல."

குரல் உயரவில்லை. கடைக்குப் போகவில்லை என்பதைப்போலச் சொன்னாள்.

இவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. உள்ளே வந்து சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். பெயின்ட் கடைக்கா? கேட்கவில்லை. அதுதான் என்றால் எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. விளக்கு வைத்த பிறகு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

தங்கத்திடம், "நிஜமாத்தானா?" என்றேன். "உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாம்மா?" என்றாள். எட்டாம் தேதி பிடித்திருக்கிறதா என்று நான் கேட்க வேண்டியிருந்ததற்கே என்னிடம் கோபப்படுகிறாள் போலிருக்கிறது. படட்டும்.

நாளை அந்த இரண்டு பெயரையும் சேர்த்து வாசித்தால், தடை உண்டு என்று எழுந்து சொல்ல எனக்கு வாய் வருமா? வகுப்பில் தவிர எங்கும் குரல் எழும்பாதவள்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

காரில்தான் கோயிலுக்குப் போனோம். வெந்த இடம் தெருவுக்கே தெரிந்தது. இவர் வழக்கம்போல வாசலை ஒட்டி முன்னாலேயே நிறுத்தினார்.

ஓலை வாசித்தார்கள். இரண்டு ஜோடி. இரண்டிலும் தங்கம் இல்லை. 

வெளியே வந்ததும் போதகரே இவரிடம் வந்தார். "வாடிப்பட்டிக்கு நீங்களே சொல்லிருங்க. நேத்து நீங்க சொன்னதும் நான் பேரை எடுத்துட்டேன்" என்றார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

மதியம் பழைய பனியன் துணியும் மெழுகு டப்பாவுமாகக் கார்ப் பக்கம் போனார். தங்கமும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனாள். மெஷின் மாடிப்படிக்கு அடியில் சாக்குக்குள் கிடக்கிறது.