எதிர்த்திசையில் ஓடும் சேன் நதி

பாரிஸ், அக்டோபர் 1863

என் கோபக்காரிக்கு,

ரூவானில் உன் அக்கா வீட்டில் குளிர் அதிகமாமே. உன் கம்பளிச் சால்வை இங்கேயே கிடக்கிறது. அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். சலவைப் படகுகளும் நம் பாலமும். செப்புத் தகட்டில் ஊசியால் கீறுவது தாளில் இடம் வலமாக மாறி விழும். அதனால்தான் எப்போதும் காட்சியை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து வரைவேன். நீ கிளம்பிய அன்று, முந்தின நாள் சண்டையின் எரிச்சலில், கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு வந்து, நேராகப் பார்த்தே வரைந்துவிட்டேன்.

அச்சடித்துக் கொடுத்த ஃபுல்ஜான்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"யோவ், சேன் நதி எப்பய்யா திரும்பி ஓட ஆரம்பிச்சுது? இருபது வருஷமா என்னத்தக் கிழிச்ச நீ? வேற தகட்டுல ஒழுங்கா போட்டுக் குடு."

மாட்டேன் என்றேன்.

பாலத்தின் மேல் ஒரு பெண் பையோடு நடக்கிறாள், பார். அது நீதான். அன்று நடுப்பாலத்தில் நின்று என் பக்கம் திரும்பினாய். நான் கூப்பிடவில்லை. ஊசியைக்கூடக் கீழே வைக்காமல் உன்னையும் தகட்டில் கீறிக்கொண்டிருந்தேன்.

நம் வீடு பாலத்துக்கு இடப்பக்கம், படத்துக்கு வெளியே. நீ வலப்பக்கம், ரயிலடிக்குப் போனாய். தாளில் மட்டும் அதே பையோடு இடப்பக்கம் நடக்கிறாய், வீட்டைப் பார்த்து.

சால்வையை அனுப்பப் போவதில்லை. எந்த ரயில் என்று மட்டும் எழுது. பாலத்துக்கு வந்து பையை வாங்கிக்கொள்கிறேன். கையில் ஊசி இருக்காது.

உன்
மடையன்