நெடுங்கைப் பூதனை மாற்றிக் கொடுத்தவர்க்கு

வான் பொய்யாதிருக்க. மண் வற்றாதிருக்க. நுரையாற்றின் தென்கரை முழுதும் ஒரு குடைக்கீழ் ஆளும் மருதவாயில் வேந்தரின் அருளாணை தலைமேற்கொண்டு, மிளகு வணிகர் குடியிற் பிறந்து, தராசுத் தட்டின் அருகே பேசக் கற்று, இன்று அரியணையின் வலப்பக்கத்து அமரும் பேரமைச்சன் எட்டி நாகன் சேந்தன் விடுக்கும் ஓலை.

பெருந்தேவியாரின் தமையனாரும், வேந்தரின் மைத்துனரும், அரசரின் வளைப்பந்து அணிக்குத் தலைவரும், ஆடல் அறிந்த ஆழி என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்பவரும், ஊரே கொதித்துக் கிடக்கையில் எல்லைப்புற மாளிகையில் இளைப்பாறுபவருமாகிய கொற்றன் வீரவிடங்கர் காண்க. நும் மாளிகை பொலிக, நும் குதிரைகள் கொழுக்க, நும் அறிவு வளர்க. மூன்றாவது வாழ்த்தே எமக்கு அவசரம்.

ஆட்டம் அறியாதவர்க்குச் சொல்லுவதுபோல் உமக்கே சொல்ல வேண்டிய காலம் வந்தது. களத்தின் இரு தலையிலும் கல்தூண் நட்டு, தூணின் உச்சியில் பிரம்பு வளையம் பூட்டி, ஐவர்க்கு ஐவர் நின்று பந்தெறியும் இவ்விளையாட்டு, பிற நாட்டார்க்குப் பொழுதுபோக்கு, நமக்கு வயல்நீர். சித்திரைத் திருவிழாவில் நம் ஐவரும் வடகரைச் செங்குன்ற நாட்டின் ஐவரும் பொருத, வென்ற நாடே நுரையாற்று அணையின் முதல் மடையை அவ்வாண்டு முழுதும் ஆளும் என்பது இரு வேந்தரின் முன்னோரும் வாளைக் கீழே வைத்துச் செய்த உடன்படிக்கை. சென்ற ஆண்டு தோற்றோம். அவர் வயல் குளிர்ந்து எஞ்சியதே நமக்கு வந்தது. கடைமடை ஊர்களில் நாற்று நின்றபடியே கருகியது. அவ்வூரார் இம்முறை எம் வாயிலில் வந்து நெல் கேட்கவில்லை. பூதன் நலமா என்று கேட்டுப் போனார்கள்.

பூதன் நலமே. செங்குன்றத்தில் நலமாயிருக்கிறான். அங்கே அனுப்பிய பெருமகன் நீர்.

நெடுங்கைப் பூதன் ஓடம் தள்ளுவோர் குடியிற் பிறந்தவன். வளையத்தின் அடியில் நின்றால் எதிரி ஐவரில் இருவர் அவனை மறிக்கவே செலவாவர். நம்மவர் எறிந்து தவறிய பந்து தரையைத் தொடுமுன் அவன் கையைத் தொடும். அவன் எறிந்து பெற்ற புள்ளி குறைவு என்றீர். அவையில் எழுந்து, தூண்போல் நிற்பவனுக்கு வீரக்கழல் எதற்கு என்று நீர் நகைக்க, உம் சோறு உண்பவரும் உடன் நகைத்தனர் என்று கேள்வியுற்றோம். ஐயா, வீட்டைத் தாங்கும் தூணை விற்று, அந்த விலைக்கு வாயிற்கதவில் பொன்முலாம் பூசினவரை எங்கள் கடைத்தெருவில் என்ன சொல்லி அழைப்பார்கள் என்பதை இவ்வோலையில் எழுதலாகாது. அரச இலச்சினை பதியும் ஓலை இது.

பூதனைக் கொடுத்து நீர் கொண்டுவந்தவர் இருவர். ஒருவன் நீர் முத்துமாலை சூட்டி அழைத்துவந்த பூந்துழாய் வளவன்; தொலைவில் நின்று எறிவதில் வல்லவன், எறிந்தபின் கூந்தலைக் கோதுவதில் அதனினும் வல்லவன். மற்றவர் ஆதன். ஒரு காலத்தில் அவர் ஓடினால் களத்தில் புழுதி எழும்; இன்று அவர் எழுந்தால் முழங்கால் ஓசை எழும். அவர் பெயரைக் கேட்டு மகிழ்ந்து அவரை வாங்கினீர். பேர்போன காளையென்று கிழட்டு மாட்டைப் பிடித்து வருபவரும் சந்தையில் உண்டு. ஆனால் அவர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்குகிறார்கள்.

அணி கட்டுவது பந்தல் போடுவது போன்றது. நீர் கட்டிய அணியில் ஐவரில் நால்வர் மாப்பிள்ளைகள். கால் ஊன்ற ஆளில்லை, கயிறு இழுக்க ஆளில்லை. பந்து பகிரும் சிற்றுருவினன் ஏறன் எம்மிடம் வந்து, ஐயா, முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மேலே போட்டால் பூதன் எடுத்துக்கொள்வான், இப்போது நால்வரும் தமக்கே தா என்று கை நீட்டுகிறார்கள், கொடுத்தால் திரும்பி வருவதில்லை, என் கை பந்தையே மறந்துவிடும் போலிருக்கிறது என்று முறையிட்டான். யாமும் ஆறுதல் கூறினோம். பொய் ஆறுதல்தான்.

பிறகு வெள்ளோட்டம் வந்தது. உம் புதிய அணி அரண்மனை மடைப்பள்ளியாரோடு பொருதது. நீர் வரவில்லை, தலைவலி என்று ஆள் அனுப்பினீர். எமக்குத் தலைவலி அங்கேதான் வந்தது. சாம்பல் படிந்த வேட்டியோடு வந்த சமையற்காரர் வென்று, உலை கொதிக்கிறது என்று சொல்லி, வெற்றிமாலைக்குக்கூட நில்லாது போயினர். வளவன் எறிந்த பந்துகள் யாவும் வளையத்தின் கீழ்விளிம்பில் ஒரே இடத்தில் முட்டித் திரும்பின. களத்தருகே கூடை வைத்திருந்த மீன்காரி ஒருத்தி, அடே வளவா, உனக்கு முத்துமாலை போட்டவர் நிற்க ஒரு முக்காலியும் போட்டிருக்கக் கூடாதா என்று கூவ, கூட்டம் முழுதும் சிரித்தது. யாம் சிரிக்கவில்லை. கைத் தப்பென்றால் பந்து ஒருமுறை மேலே போகும், ஒருமுறை பக்கத்தே போகும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே அளவு தாழ்ந்தால் பிழை கையில் இல்லை, அளவில் இருக்கிறது.

உடனே நம் அரசரின் அளவுகோலைக் கொடுத்து ஒருவனை மிளகு மூட்டையோடு வடகரைக்கு அனுப்பினோம். செங்குன்றத்து வளையம் நம் வளையத்தினும் ஒரு சாண் தாழ்வு. இதில் அவர் வஞ்சகம் சிறிதும் இல்லை. அந்தந்த நாட்டு வளையம் அந்தந்த வேந்தரின் கோலால் அளந்து பூட்டப்படும் என்பதைப் பந்து பொறுக்குவோரும் அறிவர். ஆடுகளமோ இவ்வாண்டு நம் ஊரில். நீர் வளவனை எங்கே சோதித்தீர்? அவர்கள் களத்தில், அவர்கள் வளையத்தில், அவர்கள் தந்த இளநீரைப் பருகியவாறு. குடை கொண்டு போனீர், கவரி கொண்டு போனீர், வெற்றிலை மடிக்க ஒருவனும் முரசறைய இருவரும் கொண்டு போனீர். சுவரோரம் சாத்தியிருந்த அளவுகோல் ஒன்றுதான் உமக்குச் சுமையாயிற்று. பிறர் மரக்காலை நம்பி நெல் வாங்குபவனை எம் குடியில் கடைப்படி ஏற விடமாட்டார்கள். உம்மையோ அரசர் தேரில் ஏற்றினார்.

செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுவதற்கும் வழியில்லை. தோள்துண்டைக் கைகளின்மேல் போர்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து முடித்த பேரத்தை எந்நாட்டாரும் மறுக்கலாகாது. ஆனால் திருவிழாக் கொடி ஏறும் வரை புதிய பேரம் பேசலாம். ஆகையால் யாமே ஆறு கடந்து, செங்குன்றத்து அமைச்சர் கூத்தன் தத்தரோடு துண்டு போட்டு அமர்ந்தோம்.

அவர் பூதனைத் தர மனமில்லாதவர்போல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பொன்னுக்கு இசையவில்லை. குதிரைக்கு இசையவில்லை. முடிவில் அவரே குரல் தாழ்த்தி ஒன்று கேட்டார். நீர் அங்கே விருந்துண்ட நாளில், ஒவ்வோர் ஆட்டக்காரனின் பிறந்த நாளும் கோளும் கூறி, பழைய ஆட்டங்களை ஒன்று விடாமல் உரைத்ததைக் கேட்டு, அவர்தம் வேந்தர், இத்தகைய அறிஞர் ஒருவர் நம் அணிக்குத் தலைவராக வாய்க்கவில்லையே என்று பெருமூச்செறிந்தாராம். வீரவிடங்கரைத் தருவதாயின் பூதனைத் தருவோம் என்றார் தத்தர்.

வீரவிடங்கரே, அப்போது எம் நெஞ்சு துள்ளியதை முகம் அறியாமல் காத்த அருமையை நீர் அறியமாட்டீர். அவர் எங்கள் அரசியின் தமையன், அவருக்கு விலை சொல்ல எம்மால் இயலாது என்றோம், அது மெய்தான். இருமுறை துண்டிலிருந்து கையை உருவினோம். எழுந்தும் நின்றோம். பின்னர், நாட்டின் நன்மைக்காக நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு விரல் பிடித்தோம். வெறுங்கையோடு உம்மை அனுப்புதல் மரபன்று என்று ஆதனையும் கொசுறாகச் சேர்த்தோம். தத்தர் கண்கலங்கி எம்மைத் தழுவிக்கொண்டார்.

அவர்கள் உம்மைத் தம் விருந்துக்கூடத்தில் வைத்து, தம் கோலால் அளந்தார்கள். களத்தில் வைத்து அளக்கவில்லை. ஒரு சாண் குறையும் என்பதை அறியும்போது சித்திரை கடந்திருக்கும்.

வளவன் இங்கேயே இருப்பான். அவன்மேல் யாம் சொன்னவற்றில் கூந்தலைப் பற்றியது மட்டும் நிற்க. ஏனையவற்றைத் திரும்பப் பெறுகிறோம். மீன்காரியின் சொல் தைத்ததாலோ என்னவோ, விடியுமுன் களத்தில் நின்று நம் உயரத்துக்கு எறிந்து பழகுகிறான். இரண்டில் ஒன்று விழுகிறது. விழாத மற்றொன்றை எடுத்துப் போடப் பூதன் வருகிறான். எறிபவனும் எடுப்பவனும் ஓரணியில் நிற்கப்போவதைக் கேட்டு ஏறன் குதிக்கிறான். கடைமடையார் நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட்டுவிட்டதாகச் செய்தி.

வேந்தர் ஒப்பமிட்டார். ஒப்பமிடுகையில் ஒரு பாட்டும் முணுமுணுத்தார். பெருந்தேவியார் கண் மல்கி, அண்ணனுக்கு அங்கே காரம் போதுமா என்று வினவினார். போதும் என்று சொன்னதும் அமைதியுற்றார்.

ஆகவே ஆணை கேட்க. இவ்வோலை கண்டதும் ஆதனோடு புறப்பட்டுக் கற்படித்துறைக்கு வருக. ஓடம் அணியமாய் நிற்கிறது. நீர் அக்கரையில் இறங்கும் அவ்வோடத்திலேயே பூதன் இக்கரைக்கு ஏறுவான். கொடியேற்றத்துக்குமுன் அது நிகழ்தல் வேண்டும். குடையும் கவரியும் உடன் கொண்டு செல்லலாம். அளவுகோல் இங்கே இருக்கட்டும். இவ்வோலையை அக்கரையார்க்குக் காட்டாதீர் என்று யாம் கட்டளையிடவில்லை. தம்மைப் பழித்த எழுத்தைத் தாமே விரித்துக் காட்டுபவர் அல்லர் நீர்.

அங்கே பொறுப்பேற்றபின், எவனைக் கொடுப்பது, எவனைக் கொள்வது என்று மயங்கி நிற்க வேண்டா. பிறர் அறிவுரையும் கேட்க வேண்டா. இங்கு எவ்வாறு செய்தீரோ அவ்வாறே அங்கும் செய்க.

மருதவாயில் வேந்தரின் நெற்கதிர் இலச்சினை பொறித்து, எட்டி நாகன் சேந்தன் கைச்சாத்திட்டது. ஆற்றுநீர் தென்கரைக்கே பாய்க. இஃது ஆணை.